காம்பவுண்ட் சுவருக்கும் காம்பவுண்ட் வட்டிக்கும் சொந்தமே இல்லையாம்!

(திரையில்: ஊர் வீட்டு மதில் சுவர், பக்கத்துல பேங்க் பாஸ்புக்)

வணக்கம் மக்களே! ஊர்ல தாத்தா வீட்டைச் சுத்தி நிக்குற காம்பவுண்ட் சுவர், பேங்க்ல காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட், ஸ்கூல்ல நம்ம உயிரை எடுத்த கெமிஸ்ட்ரி காம்பவுண்ட், இதெல்லாம் ஒரே வார்த்தைன்னு தானே நினைச்சுட்டு இருக்கோம்? ஸ்பெல்லிங் ஒண்ணு தான், சத்தமும் ஒண்ணு தான், ஆனா அந்தச் சுவர் மட்டும் வேற குடும்பம். எந்தக் குடும்பம்னு கேட்டா, பதில் நம்ம சிங்கப்பூர் ரோட்டுப் பலகையிலயே தொங்கிட்டு இருக்கு. லைக் அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல கேளுங்க.

போர் அடிக்கிற பகுதியை வேகமா முடிச்சிடுறேன். லத்தீன்ல கொம்போனேரே, அதாவது சேர்த்து வைக்கிறது. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்போ கடைசில இருக்கிற 'ட்' கிடையாது, அது பின்னாடி ஒட்டிக்கிட்டது. தனிமங்கள் சேர்ந்தா கெமிக்கல் காம்பவுண்ட், மருந்தைக் கலந்து கொடுத்தா கம்பவுண்டர் (டாக்டர் லீவு போட்டா ஊருக்கே அவர் தான் டாக்டர்), வட்டியை முதலோட சேர்த்தா காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட். 10,000 வெள்ளிக்கு 2.5 சதவீதம்னு வைங்க, 20 வருஷத்துல முதலோட சேர்த்து சாதா வட்டின்னா மொத்தம் 15,000, வட்டிக்கு வட்டின்னா சுமார் 16,386. ஈயோட கண்ணு கூட காம்பவுண்ட் கண்ணு தான், அதை விடுங்க.

இப்போ சுவருக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச இடம் இது தான்.

மலாய்ல கம்போங். கிராமம்னு நமக்குத் தெரியும், ஆனா பழைய ஊர்கள்ல ஒரு இனத்து ஆளுங்க சேர்ந்து குடியிருந்த அடைப்பு, வேலி போட்ட வளாகம், அதுக்கும் கம்போங் தான் பேரு. 1600கள் தொடக்கத்துல இங்கிலீஷ் கம்பெனிக்காரன் ஜாவா தீவுல பான்டம் துறைமுகத்துல கடை போட்டான், மிளகு வாங்க. அங்கே இந்த வார்த்தை அவன் காதுல விழுந்திருக்கு, ஏற்கெனவே அவன் வாயில காம்பவுண்ட்னு ஒரு வார்த்தை இருந்ததால கம்போங்கையும் அதே சட்டைக்குள்ள நுழைச்சுட்டான். அந்த அடைப்பைச் சுத்தி நிக்குறது தான் காம்பவுண்ட் சுவர்.

சரி, ஜாவாவுல கேட்டது நம்ம ஊர் மதிலுக்கு எப்படி வந்துச்சு? இதைக் கேளுங்க: மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆரம்ப வருஷங்கள்ல பான்டமுக்குக் கீழ தான் இருந்துச்சு! மெட்ராஸுக்கு ஹெட் ஆபீஸ் ஜாவாவுல! அங்கிருந்து ஆளுங்க வந்தாங்க, கடுதாசி வந்துச்சு, கூடவே வார்த்தையும் கப்பல் ஏறிடுச்சுன்னு தான் தோணுது. 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன்ங்கிற ஆங்கிலோ-இந்திய வார்த்தை அகராதியும் பல வழிகளை அலசிட்டு மலாய் பக்கம் தான் சாயுது. அதை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் ஏ. சி. பர்னெல், தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், அரண்மனை ஓலைச்சுவடிக்கெல்லாம் பட்டியல் போட்டவர். அந்தக் காலத்து ஜட்ஜுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கு பாருங்க. இன்னொரு துணுக்கு, பாக்ஸிங்ல பேன்டம்வெயிட்னு சொல்றாங்களே, அதுவும் இதே பான்டம் தான், அந்த ஊர் பேர்ல வந்த குட்டி சைஸ் கோழி வழியா.

இப்போ நம்ம சிங்கப்பூருக்கு வாங்க. 1822ல ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சொல்லி இன்ஜினியர் ஜாக்சன் போட்ட டவுன் பிளான்ல, சிங்கப்பூர் ஆத்தோரமா சூலியா கம்போங்னு ஒரு இடம், நம்மாளுங்களுக்கு ஒதுக்கினது. சூலியா ஸ்ட்ரீட் இன்னும் இருக்குல்ல, அந்தப் பேரு தான். கம்போங் கிளாம் வட்டாரம் உங்களுக்கே தெரியும். இங்கே பெரியவங்க கம்போங்னு சொல்ல மாட்டாங்க, "கம்பத்து வீடு"ன்னு தான் சொல்லுவாங்க, அதைக் கேக்கவே எனக்கு ஒரு சந்தோஷம். தேனி பக்கத்துல இருக்கிற கம்பம் வேற, அந்த ஊர்க்காரங்க கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க ப்ளீஸ்.

இப்போ தான் டுவிஸ்ட். பக்கத்துல மலேசியாவுல, ஜோகூர்ல தப்பா பார்க்கிங் போட்டா கண்ணாடில சொருகுற சீட்டுல என்ன எழுதியிருக்கும்? கொம்பவுன்! அபராதம். இது கம்போங் இல்ல, லத்தீன் குடும்பத்து காம்பவுண்ட். இங்கிலீஷ் சட்டத்துல காம்பவுண்ட் பண்றதுன்னா கோர்ட்டுக்குப் போகாம ஒரு தொகையைக் கட்டி விஷயத்தை முடிச்சுக்கிறது, நம்ம சம்மன் லெட்டர்ல காம்பொசிஷன்னு வருதே, அதுவும் அந்த லத்தீன் வீட்டுப் பிள்ளை தான். ஆக மலாய்க்காரங்க ஒரு காம்பவுண்டை இங்கிலீஷ்காரனுக்குக் கொடுத்தாங்க, அவன் வேற ஒரு காம்பவுண்டைத் திருப்பிக் கொடுத்தான், அதுவும் ஃபைன் போட்டு! கொடுத்தது வீட்டு வளாகம், வாங்கினது அபராதச் சீட்டு, யாருக்கு லாபம்னு நீங்களே சொல்லுங்க.

ஓசியா ஒரு டிப்ஸ்: இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லா வந்தா 'காம்' மேல அழுத்தணும், வினைச்சொல்லா வந்தா 'பவுண்ட்' மேல. பிள்ளைங்களோட ஓரல் எக்ஸாமுக்கு உதவும்.

உங்க வீட்ல பாட்டி தாத்தா யாராவது கம்பத்துல இருந்தவங்கன்னா எந்தக் கம்பம், என்ன பேருன்னு கேட்டு கமெண்ட்ல போடுங்க, நான் ஒரு மேப்புல எல்லாத்தையும் குறிச்சு அடுத்த வீடியோவுல காட்டுறேன். சப்ஸ்கிரைப் பட்டன் கீழ தான் இருக்கு, அதை அமுக்குறதுக்கு யாரும் கொம்பவுன் போட மாட்டாங்க.