போராட்டத்தின் சொந்தக்காரர் யார்? வெகுஜன சினிமாவில் வர்க்கமும் அதிகாரமும்

தோழர்களே, உழைப்பாளியின் துயரத்தைக் காட்ட வெகுஜன சினிமா தயங்குவதே இல்லை. அவர்கள் தாமே கூடிப் பேசி, தாமே முடிவெடுத்து, தம் போராட்டத்தைத் தாமே நடத்துவதைக் காட்ட வேண்டிய இடத்தில்தான் அது பின்வாங்குகிறது. 1927இல் பெர்லினில் வெளியான இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ என்ற மௌனப் படம் இதற்குத் தெளிவான சான்று.

படத்தின் தொடக்கத்தில் ஷிஃப்ட் மாறுகிறது. உள்ளே போகும் வரிசையைவிட, வேலை முடித்துத் திரும்பும் வரிசை பாதி வேகத்தில், தலை கவிழ்ந்து நகர்கிறது. அங்குள்ள பெரிய கடிகாரத்தில் பத்து மணி மட்டுமே இருக்கிறது. முதலாளியின் அதிகாரம் என்பது உழைப்பவரின் நேரத்தின் மீதான அதிகாரம் என்று கார்ல் மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலின் வேலைநாள் பற்றிய அத்தியாயம் விரித்துரைப்பதை, லாங் ஒரு வசனமும் இல்லாமல் கண்முன் நிறுத்திவிடுகிறார்.

அந்தத் துணிவு கலகம் தொடங்கும் வரைதான். கலகத்தைத் தூண்டுவது, முதலாளியின் திட்டப்படி தொழிலாளரிடையே அனுப்பப்பட்ட இயந்திரப் பெண். தொழிலாளர்கள் இயந்திரங்களை நொறுக்கியதும் நிலத்தடியில் இருக்கும் அவர்கள் குடியிருப்பில் வெள்ளம் புகுந்து அவர்களுடைய குழந்தைகளையே சூழ்கிறது. இறுதியில் தேவாலய வாசலில் முதலாளியின் மகன் தன் தந்தையின் கையையும் தொழிலாளர் பக்கத்து ஃபோர்மனின் கையையும் சேர்த்துவைக்கிறான். வேலைநேரம் குறைந்ததா, ஆலை இனி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளைப் படம் எழுப்பவே இல்லை. வர்க்க சமரசம் என்று நாம் சொல்வது இதைத்தான். லாங்கே பிற்காலத்தில் இந்த முடிவில் தமக்கு உடன்பாடு இல்லை என்றார்.

1936இல் வந்த சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ வேறு வழியில் செல்கிறது. அந்த ஆலைக்குள், வேகத்தைக் கூட்டச் சொல்லும் முதலாளியின் குரல் திரை வழியாகக் கேட்கிறது. சாப்ளினே நடிக்கும் தொழிலாளிக்கோ குரலே இல்லை. சாப்பாட்டு இடைவேளையையும் மிச்சம் பிடிப்பதற்காக, சோறூட்டும் இயந்திரம் ஒன்றை அவன்மீது சோதிக்கிறார்கள். அது அவனைப் படாத பாடு படுத்திய பிறகு, நடைமுறைக்கு உதவாது என்று முதலாளி ஒதுக்குகிறாரே தவிர, மனிதனை வதைக்கிறது என்பதற்காக அல்ல.

பிறகு, லாரியிலிருந்து விழுந்த கொடியை எடுத்து, ஓட்டுநரை அழைக்க அவன் அதை ஆட்டுகிறான். அதே நேரம் தெருமுனையிலிருந்து தொழிலாளர் ஊர்வலம் ஒன்று அவன் பின்னால் திரும்பி வருகிறது. போலீசார் அவனைத் தலைவன் என்று பிடித்துப்போகிறார்கள். வெகுஜன சினிமாவின் வழக்கப்படி நாயகன் வந்தால்தான் கூட்டம் எழும். இங்கே கூட்டம் அவனுக்கு முன்பே எழுந்து, தன் காரணங்களுக்காகத் தானே நடந்து வருகிறது. அவன் இல்லாவிட்டால் இந்த ஊர்வலமே இல்லை என்று நம்புவது அங்கே காவல்துறை மட்டும்தான்.