பாட்டு இருக்கிறது, பாடகரைக் காணோம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைப் போடுகிறீர்கள். வயலின் கேட்கிறது, கோரஸ் கேட்கிறது, எதிரொலிகூடக் கேட்கிறது. பாடுகிறவரை மட்டும் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல ஒரு நிழல் குரல். டிரம்மின் அடியும் போய்விட்டது. உடனே போனைச் சந்தேகப்படுவோம், ஆப்பைச் சந்தேகப்படுவோம், பாட்டுக் கோப்பையே அழித்துவிட்டு மறுபடி இறக்குவோம். பழுது இருப்பது ஒயருக்குள். இரண்டு காதுக்கும் பொதுவான ஒரே ஒரு கம்பி, மின்சாரம் திரும்பிப் போகும் கிரவுண்ட் கம்பி, அறுந்திருக்கிறது.

ஒயரின் முனையில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு வளையங்கள் அதை மூன்றாகப் பிரித்திருக்கும். நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி கிரவுண்டுக்கு. கிரவுண்ட் அறுந்தால், இடது டிரைவருக்குள், அதாவது ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கருக்குள், போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல் வலது டிரைவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அப்போது காதில் விழுவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. ஒலிப்பதிவில் குரலையும் பாஸ் என்கிற தாழ்ந்த ஒலிகளையும் நடுவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைப்பது வழக்கம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். பாடகர் போன இடம் அதுதான்.

மைக் வைத்த ஹெட்செட்டின் பின்னில் நான்கு பகுதி உண்டு. பழைய போன்கள் சிலவற்றில் கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும். அங்கேயும் இதே கூத்துதான். ஒயரில் உள்ள மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் பாடகர் திரும்பி வந்துவிடுவார். வந்தால் ஒயரில் பழுதில்லை, பொருத்தம்தான் சரியில்லை என்று அர்த்தம்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் அநேகப் பிரச்சினைகள் இப்படி ஒன்றோடொன்று சேருகிற இடத்தில்தான் இருக்கின்றன. ஒயர் பின்னோடு சேருமிடம், காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான பேட் கன்னத்தோடு சேருமிடம், சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஹெட்ஃபோனோடு சேருமிடம். புது ஹெட்ஃபோன் வாங்கும் யோசனைக்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஒயர். மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். அட்டையில் 32 ஓம் என்று மின்தடை போட்ட ஹெட்ஃபோன் என்றால், நுனிக்கும் அடிக்கும் இடையே கிட்டத்தட்ட 30 காட்ட வேண்டும். வளையத்துக்கும் அடிக்கும் அதேபோல. நுனிக்கும் வளையத்துக்கும் வைத்தால் இரண்டின் கூட்டுத்தொகை, 60 சொச்சம். முதல் இரண்டும் ஒன்றுமே காட்டாமல் கடைசி மட்டும் 60 காட்டினால் கிரவுண்ட் அறுந்தது உறுதி. மீட்டர் முனையை வைக்கும்போது காதில் மெல்ல 'டிக்' என்று கேட்கும். அந்தப் பக்கத்து டிரைவர் உயிரோடு இருப்பதற்கு அதுவே சாட்சி.

அறுவது பெரும்பாலும் பின்னின் கழுத்தில். பின்னிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டு, புதுப் பின் போடுவதே வழி. உள்ளே சிவப்பு, பச்சை அல்லது நீலம், பிறகு செம்பு நிறம் என்று தலைமுடி போன்ற மெல்லிய இழைகள் இருக்கும். வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் கிரவுண்ட். ஆனாலும் நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். இந்த நிறம் பிளாஸ்டிக் உறை இல்லை, எனாமல் பூச்சு. அது போகாமல் ஈயம் ஒட்டாது. சிலர் லைட்டரில் சுடுவார்கள். இழை கருகி, தொட்டால் ஒடியும். சால்டரிங் அயர்னை 380 முதல் 400 டிகிரி வரை ஏற்றி, நுனியில் உருகிய ஈயத்தை ஒரு சொட்டாக நிறுத்தி, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவிய இழையை அதற்குள் மூன்று, நான்கு விநாடி முக்கிப் பிடியுங்கள். லேசாகப் புகை வரும், பூச்சு கரையும், இழை வெள்ளியாகப் பளபளக்கும். புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இழைகளோடு பின்னியிருக்கும் நைலான் நூலை முன்பே நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அது உருகி ஈயத்தோடு கலந்து இணைப்பைக் கெடுக்கும்.

பின்னில் பற்றவைக்கும்போது அயர்னை 350-க்கு இறக்குங்கள். புதுப் பின்னை ஏதாவதொரு பழைய சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகினாலும் பின் கோணாது. பின்னின் மூடியையும், சூட்டில் சுருங்கும் குழாயையும் முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும். அழகாகப் பற்றவைத்து முடித்தபின், மேஜைமேல் அந்த மூடி தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்க்காத ஆள் இந்தத் தொழிலில் இல்லை. பின்னின் பிடி ஒயரின் மேலுறையைக் கவ்வ வேண்டும், உள்ளிழையை அல்ல. மூடுவதற்கு முன் மீட்டரில் மறுபடி ஒருமுறை.

அடுத்து பேட். மூடிய வகை ஹெட்ஃபோனில் பாஸ் குறைந்துவிட்டது என்றால் டிரைவர் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாட்டு ஓடும்போது காதை மூடும் இரண்டு கோப்பைகளையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பாஸ் ஏறினால் டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது, பேட் வழியாகக் காற்று கசிகிறது. மூக்குக் கண்ணாடியின் காம்பு ஒன்றே போதும் அந்தக் கசிவுக்கு. செயற்கைத் தோல் உரிந்து கறுப்புச் செதில் கொட்ட ஆரம்பித்தால் பேட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றும்போது பழையதன் கனமும் உள்வட்ட அளவும் அப்படியே இருக்க வேண்டும். கனம் கூடினால் காது டிரைவரிலிருந்து தள்ளிப்போய், மேல்சுருதி ஒலிகளின் நிறமே மாறிவிடும். வெல்வெட் பேட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசலாம். முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் முழு ஒரு நாள்.

இனி மூன்றாவது இடம். காகிதம் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், எண்கள் வருகின்றன.

இரண்டு ஹெட்ஃபோன். ஒன்று 300 ஓம், மற்றொன்று 32 ஓம். இரண்டின் அட்டையிலும் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒரே சத்தம்தானே? இல்லை. இசையின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றால் இரண்டுக்கும் 20 மில்லிவாட் வேண்டும், அதுவரை சரி. அந்த 20 மில்லிவாட்டுக்கு 300 ஓம் கேட்பது 2.45 வோல்ட், 8 மில்லி ஆம்பியர். 32 ஓம் கேட்பது 0.8 வோல்ட், 25 மில்லி ஆம்பியர். மறுபடியும் சொல்கிறேன்: 300 ஓமுக்கு வோல்ட் அதிகம், 32 ஓமுக்கு ஆம்பியர் அதிகம். போனில் செருகி ஹெட்ஃபோனை இணைக்கும், ஒரு வோல்ட் மட்டுமே தரக்கூடிய சின்ன டாங்கிளில் 32 ஓம் தாராளமாகப் பாடும், 300 ஓம் மூச்சுவாங்கும்.

இம்பீடன்ஸ் என்பது ஓமில் சொல்லும் அந்த மின்தடைதான். ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது கைக்கணக்கு. காதுக்குள் செருகும் சில இயர்ஃபோன்களில் ஒரே சின்ன உடலுக்குள் பல டிரைவர்கள் இருக்கும். அவற்றின் இம்பீடன்ஸ் ஒரு சுருதியில் 8 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று ஏறி இறங்கும். 10 ஓம் அவுட்புட்டில் செருகினால் அந்த இரண்டு சுருதிகளுக்கும் இடையே 5 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். செய்தவர் நினைத்த ஒலி ஒன்று, நீங்கள் கேட்பது வேறு.

வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் கை வைப்பது சூ மோய் என்பவர் வடிவமைத்துப் பொதுவில் தந்த, சிமோய் என்று பெயர் பெற்ற சின்ன சர்க்யூட்டில்தான். 1910-இல் அமெரிக்கக் கடற்படைக்கு நதானியேல் பால்ட்வின் ஹெட்ஃபோன் செய்து கொடுத்ததே தன் வீட்டுச் சமையலறையில். ஆகவே மேஜையைக் கொஞ்சம் ஒழித்துக் கொடுத்தால் போதும், பரம்பரை இருக்கிறது.

சாமான்கள்: சிக்னலைப் பெருக்கும் சில்லான ஓபிஏ2134 ஐசி ஒன்று, எட்டுக் கால் ஐசி பேஸ், 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் இரட்டை வால்யூம் கண்ட்ரோல், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் 0.1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்று, 100 கிலோ, 10 கிலோ, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தலா ஒன்று. பிறகு இரண்டு ஜாக், ஒரு சுவிட்ச், இதையெல்லாம் பற்றவைக்கத் துளைகள் கொண்ட வெரோ போர்டு.

4.7 கிலோ ஓம் இரண்டும் பேட்டரியைச் சரிபாதியாக்கி நடுவில் ஒரு பொய் கிரவுண்டை உண்டாக்குகின்றன. அந்தப் பாதிகளுக்குத் துணையாக 220 மைக்ரோ ஃபாரட் இரண்டு. ஐசியின் 8-ஆம் கால் பேட்டரி பிளஸ், 4-ஆம் கால் மைனஸ். ஒரு பக்கத்துச் சிக்னல் வால்யூமிலிருந்து 0.1 கெப்பாசிட்டர் வழியாக 3-ஆம் காலுக்கு. அதே காலிலிருந்து பொய் கிரவுண்டுக்கு 100 கிலோ. 1-க்கும் 2-க்கும் இடையே 10 கிலோ, 2-லிருந்து பொய் கிரவுண்டுக்கு 1 கிலோ. 1-லிருந்து ஹெட்ஃபோனுக்கு. அடுத்த பக்கத்துக்கு இதையே 5, 6, 7-இல் செய்யுங்கள்: 3-க்குப் பதில் 5, 2-க்குப் பதில் 6, 1-க்குப் பதில் 7.

இந்தக் கணக்கில் சிக்னல் 11 மடங்கு பெருகும். இன்றைய போனுக்கு அது ரொம்ப அதிகம். வால்யூமை இம்மி திருப்பியதுமே கத்தும். வால்யூம் கண்ட்ரோலின் ஆரம்பப் பகுதியில்தான் இடது வலது ஏற்றத்தாழ்வும் அதிகம், ஒரு காது சாய்ந்து கேட்கும். 1 கிலோவுக்குப் பதில் 4.7 கிலோ போடுங்கள், பெருக்கம் 3-க்கு வந்துவிடும்.

கடையில் ஓபிஏ2134 கிடைக்கவில்லை என்று என்ஈ5532-ஐ வாங்கிச் செருகுகிறார்கள். கால்கள் ஒன்றே, பாடவும் செய்யும். ஆனால் அந்த ஐசியின் உள்ளீட்டுக் கால் சுமார் 200 நானோ ஆம்பியர் இழுக்கும். 100 கிலோ ஓமில் அது 20 மில்லி வோல்ட். 11 மடங்கு பெருகினால் 220 மில்லி வோல்ட் நேர்மின்சாரம் (டிசி) ஹெட்ஃபோனில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். டிரைவரின் சுருள் ஒருபக்கமாகத் தள்ளப்பட்டே வேலை செய்யும். ஓபிஏ2134 இழுப்பது பிக்கோ ஆம்பியர் கணக்கில், அதனால் இந்தத் தொல்லை இல்லை.

எந்த ஐசியானாலும், ஹெட்ஃபோனைச் செருகுவதற்கு முன் இரண்டு அளவு எடுத்தே ஆக வேண்டும். பொய் கிரவுண்டுக்கும் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் இடையே 4.5 வோல்ட் வீதம் இருக்கிறதா? அவுட்புட்டில் நேர்மின்சாரம் 20 மில்லி வோல்ட்டுக்குள் இருக்கிறதா? 50-ஐத் தாண்டினால் செருகாதீர்கள், பற்றவைப்பில் எங்கோ தப்பு. ஐசி சூடாகிறது என்றால் சர்க்யூட் காதுக்குக் கேட்காத சுருதியில் ஊளையிடுகிறது. 4-க்கும் 8-க்கும் குறுக்கே, கால்களை ஒட்டி, 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்று போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மிட்டாய் டப்பா போன்ற தகர டப்பாவில் அடைப்பது இந்த சர்க்யூட்டின் சம்பிரதாயம். ஆடியோ ஜாக் இரண்டின் உடலும் பொய் கிரவுண்ட், டப்பாவைத் தொட்டால் பரவாயில்லை. கூடவே அடாப்டருக்கு ஒரு ஜாக் வைத்து, அதன் உடலும் டப்பாவைத் தொட்டால் பேட்டரி மைனஸும் பொய் கிரவுண்டும் ஒன்றாகிவிடும், கதை முடிந்தது. லேப்டாப்பிலிருந்து பாட்டையும் எடுத்து, அதே லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்து பவரும் எடுத்தால் இதே விபத்து டப்பா இல்லாமலே நடக்கும். பேட்டரியே உத்தமம். சர்க்யூட் சுமார் 10 மில்லி ஆம்பியர் எடுக்கும், ஆல்கலைன் பேட்டரி ஒன்று கிட்டத்தட்ட 40 மணி நேரம் தாங்கும். இந்தக் குட்டி 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு நல்ல ஜோடி. 32 ஓமுக்கு ஆம்பியர் போதாமல் உச்சங்களில் கரகரக்கும். மேலே சொன்ன எண்களைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

செய்த ஆம்ப்ளிஃபையர் கடையில் வாங்கியதைவிட நன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன்செய்யாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைக் காது 'தெளிவு' என்றே எடுத்துக்கொள்ளும். ஹெட்ஃபோனைச் செருகியபடி 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டையும் 2 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். அப்புறம் கேளுங்கள். கேட்கும் இசையும் காரியத்துக்கு ஆகிறதாக இருக்கட்டும். மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடப்பக்கத்து அடி எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது என்பது பாஸைக் காட்டிக்கொடுக்கும், தம்புராவின் ஜீவா, அதாவது தந்திக்கடியில் வைக்கும் நூல் எழுப்பும் ரீங்காரம், மேல்சுருதியைக் காட்டிக்கொடுக்கும். சுருதிவாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றினால், மொத்தச் சத்தத்தை மாற்றும் பிரீஆம்பில் அதே 4 டெசிபலை இறக்கிவிடுங்கள். இல்லையேல் சிக்னல் உச்சியில் இடித்துச் சிதையும்.

நாலு பேர் கூடி ஒருவர் ஹெட்ஃபோனை இன்னொருவர் வைத்துக் கேட்டுப் பார்க்கும் இடங்களில், காதுக்குள் செருகும் வகைக்கு அவரவர் ரப்பர் முனையை அவரவரே கொண்டுவருவது மரியாதை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவாகச் சொல்வது 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி: 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5. சற்று முன் சொன்ன 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு இதமாக வைத்த வால்யூமில், பொத்தானைத் தொடாமல் அந்த 32 ஓமைச் செருகினால் ஒரே வோல்ட்டுக்குச் சத்தம் கிட்டத்தட்ட 10 டெசிபல் ஏறும். கையில் வாங்குகிறவருக்கு அது தெரியாது. எனவே ஒயரை உருவும்போதே வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கொடுங்கள், அவர் காதில் வைத்தபின் அவரே ஏற்றிக்கொள்ளட்டும்.

வணக்கம்.