இரண்டாவது முறை சீட் யாருக்கு?

வணக்கம் நண்பர்களே. இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, மிக இளைய உறுப்பினர் யார், அவருக்கு வயது என்ன என்பதில் தொடங்கும் உரையாடல் அங்கேயே முடிந்தும் விடுகிறது. வெற்றிச் சான்றிதழோடு அவர் நிற்கும் படத்தை எல்லோரும் பகிர்கிறோம்; அடுத்த தேர்தலில் அவர் மறுபடி நின்றாரா, நிற்க விட்டார்களா என்பதை ஒருவரும் தேடிப் பார்ப்பதில்லை. இன்றைய காணொளி முழுக்க அந்த இரண்டாவது தேர்தலைப் பற்றியது.

வயது வரம்பை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். போட்டியிடும் வயதை பிரிட்டன் 2006-இல் 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது. பிரான்ஸ் 2011-இல் 23-லிருந்து 18-ஆகவும், துருக்கி 2017-இல் 25-லிருந்து 18-ஆகவும் குறைத்தன. இந்தியாவில் மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30 என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. மக்களவைக்கு 18 வயது போதும் என்று 2023-இல் ஒரு நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தபோது, தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை. நைஜீரியா 2018-இல் கீழவைக்கான வயதை 30-லிருந்து 25-ஆக இறக்கியது. ஆனால் நான்கே ஆண்டுகளில், அந்நாட்டின் ஆளுங்கட்சி கீழவை வேட்பாளராக விரும்புவோருக்கான விண்ணப்பப் படிவத்தை 1 கோடி நைராவுக்கு (அந்நாட்டு நாணயம்) விற்றது. சட்டம் திறந்துவிட்ட கதவுக்கு வெளியே கட்சி உட்கார்ந்து கட்டணம் வசூலித்தால் யார்தான் உள்ளே போவார்? உலக நாடாளுமன்றங்களின் ஒன்றியம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகெங்கும் உள்ள உறுப்பினர்களில் 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் 2.8 விழுக்காடுதான்.

அந்தச் சிறு கூட்டத்துக்குள் வந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு, எனக்குத் தெரிந்து கனடாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. 2011 பொதுத் தேர்தலுக்கு முன் கியூபெக் மாகாணத்தில் புதிய ஜனநாயகக் கட்சிக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. வெல்ல வாய்ப்பில்லை என்று கருதிய தொகுதிகளில், பட்டியலை நிரப்புவதற்காகக் கட்சி மாணவர்களையும் தொண்டர்களையும் நிறுத்தியது. யாரும் எதிர்பாராத அலை அடித்து, மாகாணத்தின் 75 இடங்களில் 59 அக்கட்சிக்குப் போயின. ஷெர்புரூக் தொகுதியில் 19 வயது மாணவர் பியர்-லூக் துஸோ வென்று, அந்நாட்டு நாடாளுமன்ற வரலாற்றிலேயே மிக இளைய உறுப்பினரானார். அந்தக் கோடை விடுமுறையில் அவர் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்ப்பதாக இருந்தவர்.

இதைவிட விசித்திரமானது ரூத் எலன் புரோசோவின் கதை. அவருக்கு அப்போது 27 வயது. ஒட்டாவாவில் ஒரு பல்கலைக்கழக மதுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், தேர்தல் பிரசாரத்தின் நடுவிலேயே லாஸ் வேகஸுக்குச் சுற்றுலா போய்விட்டார். அவர் பெயர் நின்ற பெர்த்தியே-மாஸ்கினோஞ்சே தொகுதியில் ஏறத்தாழ எல்லோரும் பிரெஞ்சு பேசுபவர்கள்; அவருக்கோ பிரெஞ்சு சரளமாக வராது, அந்தத் தொகுதியை எட்டிப் பார்த்ததும் இல்லை. முடிவு வந்து பார்த்தால் அவர்தான் வெற்றி! பத்திரிகைகள் சிரித்ததில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு அவர் பிரெஞ்சைச் சரளமாகப் பேசக் கற்றார். தொகுதிக்குள் அலைந்து திரிந்தார். விவசாயிகளின் பிரச்சினைகளை அவையில் எடுத்துப் பேசினார். 2015-இல் அலை வடிந்து, கட்சியின் 59 இடங்கள் 16 ஆனபோது, அந்தப் பதினாறில் புரோசோவும் இருந்தார், துஸோவும் இருந்தார்.

இங்கே சற்று நிதானித்துக் கவனிக்க வேண்டும். முதல் தேர்தலில் அவர்களை வெல்ல வைத்தது கட்சியின் அலை. அதில் அவர்களுடைய பங்கு மிகச் சொற்பம். இரண்டாவது தேர்தலில், அதே கட்சியின் எத்தனையோ மூத்தவர்கள் தோற்ற இடத்தில், இவர்கள் தாக்குப்பிடித்தார்கள். வயது குறைந்தவருக்கு அனுபவம் போதாது என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டுமா? 2019-இல் கட்சிக்குக் கியூபெக்கில் ஒரே இடம்தான் மிஞ்சியது என்பதையும், அந்த முறை இருவரும் தோற்றார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. கட்சி மூழ்கும்போது எவ்வளவு உழைத்தவரும் ஓரளவுக்கு மேல் மிதக்க முடியாது.

தாமாகவே விலகியவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் மைரி பிளாக் 2015 பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில், கல்லூரிப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தபோது, தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான டக்ளஸ் அலெக்ஸாண்டரைத் தோற்கடித்தார். 20 வயதுப் பெண் அவையில் ஆற்றிய முதல் உரையை லட்சக்கணக்கானோர் இணையத்தில் பார்த்தார்கள். 2017-இலும் 2019-இலும் மீண்டும் வென்ற அவர், அந்த அவையின் சூழலே நச்சாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 2024-இல் நிற்கவில்லை. நேரங்காலமில்லாத வேலை, இணையத்தில் ஓயாத வசை, வாரந்தோறும் தொகுதிக்கும் தலைநகருக்குமான பயணம் ஆகியவற்றை 29 வயதுக்குள் ஒருவர் போதும் என்று சொல்லும் அளவுக்கு அனுபவித்துவிட்டார் என்றால், பழுது அவரிடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி இந்தியாவுக்கு வருவோம். 2024 தேர்தலில் பிகாரின் சமஸ்திபூரில் ஷாம்பவி சௌத்ரி, ராஜஸ்தானின் பரத்பூரில் சஞ்சனா ஜாதவ், உத்தரப் பிரதேசத்தின் கௌசாம்பியில் புஷ்பேந்திர சரோஜ், மச்லிசஹரில் பிரியா சரோஜ் ஆகிய நால்வரும் 25 வயதையொட்டி மக்களவைக்குள் வந்தார்கள். செய்திகள் வயதைக் கொண்டாடிய வேகத்தில் இன்னொன்றைக் கவனிக்கத் தவறின: நான்குமே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதிகள். பொதுத் தொகுதிகளில் சீட்டுக்காகக் காத்திருக்கும் பணபலமும் செல்வாக்கும் உள்ளவர்களின் வரிசை நீளம் என்பதால், புதுமுகங்களுக்குத் தனித் தொகுதிகளில் சற்று இடம் கிடைக்கிறது என்பது என் ஊகம். நால்வரில் மூவருடைய தந்தையர் ஏற்கெனவே அமைச்சர்களாகவோ எம்.பி.க்களாகவோ இருந்தவர்கள். சஞ்சனா ஜாதவின் பாதை வேறு: 2023 சட்டமன்றத் தேர்தலில் 409 வாக்குகளில் தோற்று, சில மாதங்களிலேயே மக்களவைக்கு வென்றவர் அவர்.

2019-இல் இதே போன்ற கொண்டாட்டம் ஒடிசாவின் கியோஞ்சரில் நடந்தது. பொறியியல் படித்த, பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த சந்திராணி முர்முவை பிஜு ஜனதா தளம் நிறுத்தியது. அவர் வென்று அந்த அவையின் மிக இளைய உறுப்பினரானார். 2024-இல் கட்சி அந்தத் தொகுதிக்கு வேறொருவரை அறிவித்துவிட்டது. மறுபடியும் சீட் வேண்டுமென்றால் எதைக் காட்டிக் கேட்பது என்ற கேள்வி இங்கே எழுகிறது. 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருப்பதால், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். அமைச்சரல்லாத உறுப்பினர் தம் பெயரில் கொண்டுவரும் தனிநபர் மசோதா என்ற வழி உண்டு. ஆனால் விடுதலைக்குப் பிறகு நிறைவேறியவை மொத்தம் 14, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். அவையில் தனித்துத் தெரிவதற்கான வழிகள் இப்படிச் சுருங்கிப்போன பிறகு, கட்சித் தலைமையின் மனநிலைதான் இளைய உறுப்பினரின் தலையெழுத்தாகிறது.

அந்தத் தலையெழுத்தைத் தாங்களே எழுதிக்கொண்டவர்கள் சிலியின் மாணவர் தலைவர்கள். 2011 கல்விப் போராட்டத்தில் உருவான கேப்ரியல் போரிச், 2013-இல் பெரிய கூட்டணி எதிலும் சேராமல் சுயேச்சையாக நின்று, 27 வயதில் வென்றார். அதன் பிறகு சீட்டுக்காக எவர் வாசலிலும் நிற்காமல், தோழர்களோடு சேர்ந்து கட்சியையும் கூட்டணியையும் கட்டினார். 2017-இல் மீண்டும் வென்று, 2022 மார்ச்சில் 36 வயதில் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அவருடைய ஆட்சியின் மீது விமர்சனங்கள் ஏராளம். அது தனிக் காணொளிக்குரிய விஷயம். இங்கே எனக்கு முக்கியம், அவருடைய இரண்டாவது சீட் அவர் கட்டிய அமைப்பின் கையிலேயே இருந்தது என்பதுதான்.

இளைஞர்களுக்கென்று இடம் ஒதுக்கினால் போதாதா என்று கேட்கலாம். உகாண்டா நாடாளுமன்றத்தில் இளைஞர் பிரதிநிதிகளுக்கு ஐந்து இடங்கள் உண்டு. ஆனால் வயது கூடியதும் அந்த இடத்தை விட்டுவிட்டுச் சாதாரணத் தொகுதியில் போய் மூத்தவர்களோடு மோத வேண்டும். இரண்டாவது தேர்தலின் சிக்கல் அங்கேயும் கொஞ்சம் தள்ளிப்போகிறதே தவிர, தீர்வதில்லை.

அடுத்த மக்களவைத் தேர்தல் 2029-இல் வரவேண்டும். அந்த நால்வருக்கும் அப்போது 30 வயதாகியிருக்கும். இளையவர் என்ற பட்டம் வேறு யாருக்காவது போயிருக்கும். வேட்பாளர் பட்டியல்கள் வெளியாகும் நாளில் சமஸ்திபூர், பரத்பூர், கௌசாம்பி, மச்லிசஹர் ஆகிய நான்கு வரிகளை முதலில் தேடிப் படிக்கப்போகிறேன். சஞ்சனா ஜாதவின் பெயர் மறுபடி இருக்கிறதா என்பதைப் பார்க்க எனக்குக் கூடுதல் ஆவல்.