கச்சான் பாத்தி

(திருகோணமலையில் மாதர் சங்கக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவி அவர்களே, அக்காமாரே, தங்கச்சிமாரே, ஆசிரியர்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தோட்டம் பற்றிய பேச்சு என்று கேள்விப்பட்டு மிளகாய்க் கன்று வாங்க வந்தவர்களும் இங்கே இருப்பீர்கள். கன்று பிறகு தருகிறேன். இன்றைக்கு நான் பேச வந்தது, அடிதடி நடக்கிற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளோடு நாங்கள் சனிக்கிழமைகளில் செய்கிற தோட்டத்தைப் பற்றி.

2019 இல் நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் கையால் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்ததாகத் தெரியவந்தது. அது பெண்களின் கணக்கு. பக்கத்து அறையில் பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அதில் இல்லை.

அந்தப் பிள்ளைக்குக் காது மிகக் கூர்மை. எங்கள் வேலிக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் பாத்தியில் குனிந்திருக்கிற சிலர் சட்டென்று நிமிர்வார்கள். என்ஜினை நிறுத்துகிற விதத்திலேயே அப்பா குடித்திருக்கிறாரா என்று சொல்லத் தெரிந்தவர்கள். ஆகவே எங்கிருந்து பார்த்தாலும் படலை தெரிகிற மாதிரிப் பாத்திகளை வெட்டினோம். வந்தது யார் என்று தெரிந்தால் போதும், கை மறுபடி மண்ணுக்குப் போய்விடும்.

பொலிஸிலும் ஆஸ்பத்திரியிலும் சொன்ன கதையையே திரும்பச் சொல்லி அலுத்த பிள்ளையை மேசைக்கு எதிரே இருத்தி, "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்றால் வாய் திறக்காது. பாத்தியில் இரண்டு பேரும் மண்ணைத்தான் பார்க்கிறோம். புல்லுப் பிடுங்கும்போது சிலநேரம் அரை வசனம் வரும். வந்தால் காது கொடுப்போம், வராவிட்டால் புல்லுப் பிடுங்குவோம். தொண்டர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். பிள்ளையைக் கண்டால் "அப்பா எங்கே வேலை?" என்று கேட்காமல் எங்கள் ஆட்களால் இருக்க முடிகிறதா!

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1996 இல், யுத்தத்தின் நடுவே, போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக இருந்தார்கள். ஆனால் எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் பின்னேரம் திரும்பிப் போவது அடிதடி நடக்கிற அதே வீட்டுக்குத்தான்.

அதை மறந்து முதல் போகத்திலேயே ஒரு பிழை விட்டோம். வெண்டியையும் பயிற்றையையும் எங்கள் குழுவின் பெயர் அடித்த பையில் போட்டு அனுப்பினோம். அந்தப் பை ஒரு வீட்டில், "எங்கே போனாய், யாரிடம் என்ன சொன்னாய்?" என்று பெரிய சண்டையாகிவிட்டது. இப்போது சாதாரண சொப்பிங் பைதான், அதுவும் தாய் சம்மதித்தால் மட்டும். மற்றதை அங்கேயே சமைத்துச் சாப்பிடுவோம். படம் எடுக்கவே கூடாது. உதவி தந்தவர்கள் பேஸ்புக்கில் போடக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்கிறோம். பாதுகாப்புக்காக இடம் மாறி இருக்கிற தாயை ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் மணலுக்குக் கச்சான், அதுதான் நிலக்கடலை, நன்றாக வரும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கால் தவறிப் பூத்து நின்ற செடியொன்றை மிதித்து முறித்துவிட்டான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். கை எங்கே வருகிறது என்று. நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, இன்னொரு விதை ஊன்றுவம்" என்றேன். அன்று முழுக்க அவன் எனக்கு மூன்றடி தள்ளியே நின்றான். விதைத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகி மற்றச் செடிகளைப் பிடுங்கியபோது பக்கத்தில் வந்து கேட்டான்: "பூ மேலதானே சேர் பூத்தது? பயத்திலயா காய் மண்ணுக்குள்ள போனது?" பூ வாடியதும் அதிலிருந்து ஒரு காம்பு கீழே இறங்குகிறது, இருட்டில்தான் காய் பருக்கும் என்று, விஞ்ஞானம் படிப்பித்த பழக்கத்தில் விளக்கினேன். தலையாட்டிவிட்டு, கச்சான் அவிக்கிற பானைப் பக்கம் போய்விட்டான்.

தோட்டம் அடியை நிறுத்தாது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிள்ளைக்காகத் தாய் தகப்பனோ, பாதுகாவலரோ, பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவரோ கேட்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். கட்டளை 12 மாதம் வரை இருக்கும். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, இந்த இரண்டு இலக்கங்களையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். நாங்கள் கேள்வி கேட்பதில்லை என்பதற்காக ஆபத்தை மறைப்பதுமில்லை. அப்படி ஏதாவது காதில் விழுந்தால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுவோம் என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம்.

தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது, மாரிக்கு முன் பாத்தி கொத்த வேண்டும். தம்பலகாமத்துப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய எரு தாருங்கள். கூலி நாங்கள் கொடுக்கிறோம். மிளகாய்க் கன்று கேட்டவர்கள் வாசலடிக்கு வாருங்கள்.