மாட்டு வண்டி ஏறிய புத்தகங்கள்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் நூலகராக வேலை பார்த்தவன் நான். நூலகர்களுக்கு ஒரு சங்கம் உண்டு என்று சொன்னால், "எதற்கு, சம்பளம் கேட்கவா?" என்பார்கள். சம்பளம் கேட்பதில் தப்பில்லை, நானும் கேட்டவன்தான். ஆனால் 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் கதை வேறு. அது முதலில் வாதாடியது வாசகருக்காக.

ஆந்திரத்தில் 1914-லேயே இப்படி ஒரு சங்கம் வந்துவிட்டது, வங்காளத்தில் 1925-இல். நம்முடையது கொஞ்சம் தாமதம்தான். அகில இந்தியச் சங்கம் வந்தது அதற்கும் பிறகு, 1933-இல்.

சங்கத்தின் செயலாளர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். 1924-இல் பல்கலைக்கழக நூலகராகப் போனார். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத அந்த இடத்தில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய வேலையையே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். பயிற்சிக்காக லண்டன் போய், அங்கே சாதாரண ஜனங்களெல்லாம் பொது நூலகத்துக்கு வந்து படிப்பதைக் கண்ட பிறகுதான் அவர் மனம் மாறியது.

சங்கம் பிறந்த அதே 1928-இல், நூலகம் எதற்காக என்பதைக் கணித விதிபோலச் சுருக்கிச் சொல்ல முடியுமா என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸ் வந்தார். மாணவரின் தவிப்பைப் பார்த்துவிட்டு, "புத்தகம் பயன்படுவதற்கே" என்பதுதானே நீ சொல்ல வருவது என்று கேட்டாராம். முதல் விதி கிடைத்துவிட்டது. மற்ற நான்கும் அதைத் தொட்டுக்கொண்டு வந்தன. நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்று இன்று உலகமே படிக்கிற அந்த நூலை 1931-இல் வெளியிட்டது பெரிய பதிப்பகம் எதுவும் இல்லை, நம் சங்கம்தான். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க அவர் வகுத்த கோலன் பகுப்புமுறை நூலையும் 1933-இல் சங்கமே வெளியிட்டது.

1929-இல் கோடைகாலப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. நூலக வேலையைப் படித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதே அன்றைக்குப் புதுப் பேச்சு. இரண்டே வருஷத்தில் பல்கலைக்கழகம் அந்தப் பள்ளியைத் தானே எடுத்துக்கொண்டது.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது மன்னார்குடி வண்டி. 1931 அக்டோபரில், மேலவாசல் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் உருவான நடமாடும் நூலகத்தை ரங்கநாதன் தொடங்கிவைத்தார். நடமாடும் நூலகம் என்றால் இன்று வேன் நினைவுக்கு வரும். அது மாட்டு வண்டி! நெல்லும் வைக்கோலும் ஏறுகிற வண்டியில் புத்தகம் ஏறி ஊர் ஊராகப் போயிற்று. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்ற இரண்டாம் விதி தஞ்சாவூர் ஜில்லாவின் மண்பாதையில் நடந்து போனதாகவே நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒருவர் கைக்காசில் வண்டி எத்தனை நாள் ஓடும்? அதற்குச் சட்டம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும். 1930-இல் காசியில் நடந்த கல்வி மாநாட்டிலேயே ரங்கநாதன் ஒரு மாதிரிச் சட்டத்தை முன்வைத்திருந்தார். அது இங்கே நிறைவேறப் பதினெட்டு வருஷம் பிடித்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்க வழி செய்தது. நம் ஊர்க் கிளை நூலகங்கள் நிற்பது அந்தக் காசில்.

நான் கிளை நூலகத்தில் இருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெரியவர் வந்தார். கையில் நாலாக மடித்த ரசீது. மேசைமேல் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, நூலக வரின்னு வருஷா வருஷம் கட்டுறேன். அந்த நூலகம் இதுதானா?"

"இதுதாங்கய்யா."

அடுக்குகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் உறுப்பினர் படிவத்தைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போய் உட்கார்ந்து நிதானமாகப் பெயர் எழுத ஆரம்பித்தார்.

வணக்கம்.