கையில சும்மா இருக்குற பாம்பு

எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஸ்கூல்ல பாம்பு விழிப்புணர்வு நிகழ்ச்சின்னு என்னைக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க அன்னிக்குக் காலையில பிடிச்ச ஒரு சாரைப்பாம்பை வரிசையா பசங்க கையில கொடுத்து போட்டோ எடுத்தாங்க, நானும் பார்த்துட்டுதான் நின்னேன், தடுக்கல. சாயங்காலம் பையைத் திறந்தா முழுங்கின எலியை அப்படியே கக்கி வச்சிருக்கு, முடியெல்லாம் ஈரமா, நாத்தம் தாங்கல. இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

பாம்புக்கு நம்மள மாதிரி உடம்புச் சூடு கிடையாதுங்க, வெளிச்சூட்டை வாங்கித்தான் இரை செரிக்கணும், அதுக்கு அமைதியா ஒரு இடத்துல கிடக்கணும். அந்த நேரத்துல தூக்கினா பயத்துல கக்கிடும், ஏறி வர்ற அமிலம் தொண்டையைப் புண்ணாக்கிடும். இரை எடுத்தா குறைஞ்சது ரெண்டு நாளாவது தொடவே கூடாது. சட்டை உரிக்கப் போறப்போ கண்ணு பால் மாதிரி மங்கிடும், சரியா பார்வை தெரியாது, அப்ப யார் கை பட்டாலும் அதுக்கு எதிரி கைதான்.

"பழகிடுச்சு சார், கையில சும்மா இருக்கு பாருங்க"ன்னு சொல்றாங்க. அதுக்கு இமை கிடையாது, கத்தத் தெரியாது, பயத்தை எப்படிங்க காட்டும்? தலையைச் சுருளுக்குள்ள ஒளிச்சு வைக்கும், நாக்கு நீட்டாது, உடம்பு விறைச்சுக்கும். அதைத்தான் நாம சாதுன்னு சொல்றோம்.

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்குல்ல, 1978-ல ஆரம்பிச்சது, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுக்குறாங்க. ஒவ்வொண்ணையும் மண்பானையில வச்சு வாயைத் துணியால கட்டிடுவாங்க, உள்ள இருட்டு, குளிர்ச்சி. விஷம் எடுக்குறது வாரம் ஒரு தடவைதான், மொத்தம் நாலு தடவை, அப்புறம் வயித்துச் செதில்ல ஒரு அடையாளம் வெட்டி காட்டுல விட்டுடுவாங்க, திரும்ப மாட்டினா தெரியணும்ல. அப்படி எடுக்குறதும் பாம்புக்குச் சிரமம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா தலைமுறை தலைமுறையா பாம்போட வாழுற ஜனங்களே கணக்கு வச்சுத்தான் தொடுறாங்க, நாம ஒரு ரீல்ஸுக்காக நாளுக்கு பத்து தடவை தூக்குறோம்.

ரெஸ்க்யூ பண்ற தம்பிங்க நாலஞ்சு பேர் முன் வரிசையில இருக்கீங்க, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வீட்டுக்காரங்க "ஒரு தடவை காட்டுங்க தம்பி"ன்னு கெஞ்சுவாங்க, தெருவே கூடி நிக்கும். காட்டாதீங்கப்பா. பையில போட்டா முடிச்சைப் போட்டுடுங்க, பாம்பை விடுற இடத்துல போய் அவிழ்த்தா போதும்.