தங்கமலையின் 11 அங்குல மோர்ட்டார்

நண்பர்களே, சீனாவில் ரஷ்யர்கள் வைத்திருந்த போர்ட் ஆர்தர் துறைமுக வாயிலுக்குக் கிழக்கே தங்கமலை இருக்கிறது. ரஷ்ய-ஜப்பானியப் போரில், 1904இல் ஜப்பானியர் முற்றுகையிட்டபோது ரஷ்யர்களின் 11 அங்குல மோர்ட்டார்கள், அதாவது குண்டை உயரமாக மேல்நோக்கி வீசும் குட்டைப் பீரங்கிகள், அங்கே நின்றன. 1877 மாதிரி. வாய் 279.4 மில்லிமீட்டர், குழல் குட்டை, உள்ளே குண்டைச் சுழலவைக்கும் புரிவெட்டு. குண்டைப் பின்பக்கத்திலிருந்துதான் ஏற்றுவார்கள்.

குட்டைக் குழல் எதற்கு? குண்டை உயரே வீசி, கப்பலின் மேல்தளத்தில் விழச்செய்யத்தான். ஜப்பானியக் கொடிக்கப்பல் மிகாசாவைப் பாருங்கள். பக்கவாட்டுக் கவசம் 229 மில்லிமீட்டர் வரை. மேல்தளக் கவசம் 51 முதல் 76தான். தலைக்கு மேலிருந்து விழும் குண்டுக்கு அந்தத் தளம் தாங்காது. கணக்கு சரிதான்.

ஆனால் குண்டு வானத்தில் இருக்கும் நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். காற்றுத் தடையை விட்டுவிடுவோம். 45 பாகைச் சாய்வில் 6 கிலோமீட்டர் போய் விழ ஏறக்குறைய 35 விநாடி ஆகும். 10 நாட் வேகத்தில் போகும் கப்பல் அதற்குள் 180 மீட்டர் நகர்ந்துவிடும். மிகாசாவின் நீளமே 132 மீட்டர்!

இன்னொரு சிக்கல் அடித்தளத்தில். மேல்நோக்கிச் சுடும்போது உதைப்பு பாதிக்கு மேல் தரையில் இறங்குகிறது. சுடச்சுட, பீரங்கி நிற்கும் மேடை ஒரு பக்கமாக அமிழ்ந்தால், குழலைத் தாங்கும் அச்சு சாய்ந்துவிடும். ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும், 45 பாகையில் குண்டு பக்கவாட்டில் ஒரு பாகை விலகும். 6 கிலோமீட்டரில் அது 105 மீட்டர். 60 பாகையில் 180 மீட்டர். தாழ்வாக, 5 பாகையில் சுடும் நீளப் பீரங்கிக்கு இதே சாய்வில் 9 மீட்டர்தான் பிழை. ஆகவே மோர்ட்டார்காரர் குறிபார்க்கும் முன் மட்டம் பார்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வெடிமருந்து ஈரமானால் குண்டு இலக்குக்கு முன்பே விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேடை அமிழ்வதைக் கவனிப்பவர் குறைவு.

நிற்கும் இலக்கு, அசையாத மேடை, விழும் இடத்தைப் பார்க்கும் கண்: மூன்றும் ஜப்பானியருக்கு வாய்த்தன. அவர்களுடைய 28 சென்டிமீட்டர் ஹவிட்சர்களும் (இவையும் மேல்நோக்கிச் சுடும் குட்டைப் பீரங்கிகள்தான்) கடற்கரைக் காவலுக்கென்றே செய்தவை. 217 கிலோ குண்டு. மொத்தம் 18 ஹவிட்சர்களைக் கொண்டுவந்து, கான்கிரீட் அடித்தளம் போட்டு நிறுத்தினார்கள். 1904 டிசம்பர் 5இல் 203 மீட்டர் குன்று அவர்கள் கைக்கு வந்தது. அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். அன்றே ரஷ்யப் போர்க்கப்பல் பொல்தாவா மூழ்கியது. 9ஆம் தேதிக்குள் ரெத்விசான், பெரெஸ்வெத், பொபேதா, பல்லாதா, பயான் என்ற மற்ற ரஷ்யக் கப்பல்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே துறைமுகத்தின் அடியில் அமர்ந்துவிட்டன.